டி.எஸ்.எச். நார்மல், ஆனாலும் தைராய்டு மாத்திரை, கூடவே ஸ்டீராய்டு: அம்மாவுக்கு என்னதான் பிரச்சினை?

விருப்பாச்சி எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு 46 வயது. போன மாதம் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, மறுநாள் காலையில் எழுப்பினால் ஆள் தெளிவாகவே இல்லை. எதிரில் நிற்பது நான் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பிரஷர் 80/50, சோடியம் 118, சர்க்கரையும் குறைந்திருந்தது. உப்பு குறைந்ததால் வந்த குழப்பம் என்று சொல்லி சலைன் ஏற்றினார்கள். சோடியம் கொஞ்சம் ஏறுவதும் மறுபடி இறங்குவதுமாக இருந்தது.

அப்புறம் நாளமில்லாச் சுரப்பிகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் வந்து, காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் 1.4, தைராய்டு டெஸ்டில் ஃப்ரீ டி4 0.4, டி.எஸ்.எச். 3.1. தலையை எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பிட்யூட்டரி சுரப்பி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்ட காலியாக இருக்கிறதாம். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்ட அன்று சாயங்காலமே அம்மா எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். எங்களால் நம்பவே முடியவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் 10 மி.கி., மதியம் 5 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன். ஒரு வாரம் கழித்து தைராய்டு மாத்திரையும் ஆரம்பித்தார்கள். டாக்டர் அம்மாவிடம் கேட்டது இரண்டே கேள்வி: கடைசிப் பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனதா, குழந்தைக்குப் பால் இருந்ததா. என் தங்கைக்கு இப்போது 17 வயது. அவள் பிறந்தபோது அம்மாவைக் காப்பாற்றியதே பெரிய பாடு என்று பாட்டி சொல்லியிருக்கிறார். தங்கை வளர்ந்தது பால் பவுடரில்தான். ஆனால் இத்தனை வருடத்துக்கு முந்தைய பிரசவத்துக்கும் இப்போது உப்பு குறைந்ததற்கும் என்ன தொடர்பு? வெளியே அத்தனை கூட்டம், டாக்டரிடம் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

டி.எஸ்.எச். 3.1 என்றால் நார்மல் என்று ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கிறது. பிறகு எதற்குத் தைராய்டு மாத்திரை? ஸ்டீராய்டு என்றதும் சித்தப்பா, கிட்னி போய்விடும், முகம் ஊதிவிடும், உடனே நிறுத்து என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நுண்ணோக்கி எழுதியது:

நான் லேபில் வேலை பார்ப்பவன். டி.எஸ்.எச். பற்றி மட்டும் சொல்கிறேன்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் உண்டாவது இல்லை. பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. டி4தான் தைராய்டு சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் டி4 குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும், டி4 அதிகமானால் குறைக்கும். ஊரில் பெரும்பாலோருக்கு வருவது தைராய்டே கெட்டுப்போகும் வகை. அதில் டி.எஸ்.எச். 10, 20, 100 என்று ஏறிவிடும். அதனால்தான் டி.எஸ்.எச். ஒன்றைப் பார்த்தாலே போதும் என்று பழகிவிட்டது.

உங்கள் அம்மாவின் டி4 0.4. எங்கள் லேபில் ஃப்ரீ டி4 குறைந்தது 0.8 இருக்க வேண்டும். பாதிதான் இருக்கிறது. பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்திருந்தால் இந்நேரம் டி.எஸ்.எச். எங்கேயோ போயிருக்க வேண்டும். 3.1ல் சும்மா நிற்கிறது என்றால் உத்தரவு போடும் இடம்தான் பழுது. தைராய்டு நல்ல மோட்டார்தான், கரண்ட் வரவில்லை. ரிப்போர்ட்டில் நார்மல் என்று வருவது அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து மெஷின் அச்சடிப்பது. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது டாக்டர். உங்கள் டாக்டர் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று. இனிமேல் கார்ட்டிசால் பரிசோதனைக்குப் போனால், மாத்திரை எடுத்த நேரத்தை லேபில் சொல்லுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்பதே கார்ட்டிசால்தான். மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் மாத்திரையின் அளவுதான் ரிப்போர்ட்டில் வரும்.


முல்லையாறு எழுதியது:

தம்பி, உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பதுதான் எனக்கும். ஷீஹன் சிண்ட்ரோம் என்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் கம்பம் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். என் டாக்டர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னதையும் என் உடம்பில் நடந்ததையும் எழுதுகிறேன்.

பிட்யூட்டரி என்பது மூக்குக்குப் பின்னால், மூளைக்குக் கீழே, எலும்புக் குழிக்குள் இருக்கிற பட்டாணி அளவுச் சுரப்பி. அரை கிராம்தான் இருக்கும். கர்ப்பமானால் அது பெரிதாகும். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோனை உண்டாக்கும் செல்கள் அந்த மாதங்களில் பெருகுவதுதான் காரணம். சுரப்பி பெரிதானாலும் அதன் முன்பகுதிக்கு ரத்தம் வருவது மூளையிலிருந்து இறங்கும் மெல்லிய சிரைகள் வழியாக, மிகக் குறைந்த அழுத்தத்தில். பிரசவத்தில் ரத்தம் ஏகமாகப் போய் பிரஷர் விழுந்தால் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ரத்தம் போகாவிட்டால் முன்பகுதி செத்துவிடலாம். பின்பகுதிக்குத் தனி ரத்தக்குழாய் இருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. செத்துப்போன இடம் வருடங்கள் போகப்போகச் சுருங்கி, கடைசியில் ஸ்கேனில் காலிக் குழியாகத் தெரிகிறது. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தது அதுதான்.

என் மகன் பிறந்தபோது நஞ்சுக்கொடி பிரியவில்லை. ரத்தம் கொட்டியது. ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். பிழைத்ததே போதும் என்று எல்லோரும் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். பால் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. மாமியார் பூண்டு வதக்கிக் கொடுத்தார், பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுத்தார், பாவம், அவரால் முடிந்ததெல்லாம் செய்தார். மார்பு கனக்கவே இல்லை. முதல் அடையாளம் அதுதான். அதை யாரும் அடையாளமாகப் பார்க்கவில்லை.

அப்புறம் மாதவிலக்கு வரவில்லை. பால் கொடுக்கிற பெண்களுக்கு வராமல் இருப்பது வழக்கம். நான் பால் கொடுக்கவில்லையே, எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்க யாருமில்லை. அக்குள் முடி உதிர்ந்து வழவழப்பானது. புருவத்தின் ஓரம் மெலிந்தது. சித்திரை வெயிலிலும் போர்வை தேடினேன். மலச்சிக்கல், குரல் தடித்தது, கண்ணைச் சுற்றி வயதுக்கு மீறின மெல்லிய சுருக்கம். தோல் வெளுத்துப்போய் ஆளைப் பார்த்தாலே ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் ஏறவில்லை. ஏறாது, ஏனென்றால் ரத்தம் ஊறுவதற்கும் இந்த ஹார்மோன்கள் வேண்டும். ஒரு இடத்தில் மனக்கவலை என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்கினேன். உங்கள் அம்மாவை இத்தனை வருடத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அது அவர் குணம் இல்லை, கார்ட்டிசால் இல்லாத உடம்பு என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

பிட்யூட்டரி போனால் அதன் உத்தரவில் ஓடுகிற எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கும். பால், மாதவிலக்கு, தைராய்டு, அட்ரினல். இதில் உயிருக்கு ஆபத்தானது அட்ரினல்தான். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிற அந்தச் சுரப்பிக்கு பிட்யூட்டரியிலிருந்து ஏ.சி.டி.எச். வந்தால்தான் அது கார்ட்டிசால் சுரக்கும். சும்மா இருக்கும்போது உடம்பு எப்படியோ இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பத்துப் பதினைந்து வருடம்கூடத் தெரியாமல் போகிறது. ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஆரோக்கியமான உடம்பு கார்ட்டிசாலைப் பல மடங்கு கூட்டிச் சமாளிக்கும். நம் உடம்பில் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பிரஷர் விழும், சர்க்கரை விழும், சோடியம் விழும்.

தைராய்டு மாத்திரையை ஒரு வாரம் தள்ளி ஆரம்பித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டாக்டருக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு டி4 குறைவு என்று கண்டுபிடித்த ஒரு கிளினிக்கில் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் வாந்தி, எழுந்தால் மயக்கம், கடைசியில் ஐ.சி.யு. தைராய்டு ஹார்மோன் உடம்பின் ஓட்டத்தை வேகப்படுத்தும், இருக்கிற கொஞ்சநஞ்ச கார்ட்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். இரண்டும் குறைந்தவருக்கு ஸ்டீராய்டு முதலில், தைராய்டு பிறகு. இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது மாத்திரை தீர்ந்து, கையில் தைராய்டு மட்டும் இருக்கிறது என்ற நிலைமை வரவே கூடாது.

நுண்ணோக்கி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு அம்மாவின் டி.எஸ்.எச். 0.1, 0.05 என்று இறங்கிவிடும். விஷயம் தெரியாத இடத்தில் அதைப் பார்த்து, மருந்து அதிகமாகிவிட்டது என்று குறைப்பார்கள். எனக்குக் குறைத்திருக்கிறார்கள், மறுபடி போர்வைக்குள் போனேன். நம்மைப் போன்றவர்களுக்கு டி.எஸ்.எச். பார்க்கவே தேவையில்லை, ஃப்ரீ டி4 எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் மையத்துக்கு வருகிற ஒவ்வொரு தாயிடமும் உங்கள் டாக்டர் கேட்ட அதே இரண்டு கேள்வியை நான் கேட்கிறேன். ரத்தம் ஏற்றினார்களா? பால் வந்ததா? ரத்தம் ஏற்றினார்கள், பாலே வரவில்லை என்று சொன்னால் அந்தப் பெண்ணை நான் விடுவதில்லை. மாதவிலக்கு திரும்பியதா என்று தொடர்ந்து கேட்பேன், வரவில்லை என்றால் காலை கார்ட்டிசாலும் ஃப்ரீ டி4ம் பார்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன்.


விருப்பாச்சி எழுதியது:

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் நீங்கள் சொன்ன பெயர்தான் இருக்கிறது. நான் கேட்க முடியாததை எல்லாம் தங்கை அம்மாவிடம் கேட்டாள். தங்கை பிறந்த பிறகு மாதவிலக்கே வரவில்லையாம். தொந்தரவு விட்டது என்று இருந்துவிட்டாராம். முடி உதிர்ந்ததும் அப்படியே. வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். தங்கைக்கும் இது வருமா? சித்தப்பா ஸ்டீராய்டை விடுவதாக இல்லை, அவருக்கு என்ன சொல்ல? அம்மா வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவார். போன இரண்டு வருடமாக முடியாமல் பாதியில் பஸ் ஏறிவிட்டார். இந்த வருடம் தெம்பு வந்துவிட்டது, போயே ஆக வேண்டும் என்கிறார். சஷ்டி விரதமும் உண்டு.


நாடி எழுதியது:

பொது மருத்துவராக இருக்கிறேன். முல்லையாறு அம்மா எழுதியதில் நான் திருத்த ஒன்றுமில்லை. விட்டுப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

தங்கைக்கு வராது. இது பரம்பரை நோய் அல்ல. பிரசவத்தில் நடந்த ஒரு விபத்தின் விளைவு. 1937ல் கிளாஸ்கோவில் ஹரோல்ட் ஷீஹன் என்ற நோயியல் மருத்துவர், பிரசவத்தில் ரத்தம் இழந்து பின்னர் இறந்த தாய்மார்களைப் பரிசோதித்து பிட்யூட்டரியின் முன்பகுதி செத்திருப்பதை விவரித்தார். அவருக்கு முன்பே 1913ல் போலந்துக்காரர் கிளின்ஸ்கி இதைக் கண்டு எழுதியிருக்கிறார். பிரசவ ரத்தப்போக்கை உடனே நிறுத்தி, உடனே ரத்தம் ஏற்றுகிற நாடுகளில் இந்த நோய் அரிதாகிவிட்டது. நம் நாட்டில் அப்படிச் சொல்ல முடியாது. காஷ்மீரில் குழந்தை பெற்ற பெண்களிடம் நடத்தி 2005ல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்று தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் பிரசவித்தவர்கள். தங்கைக்கு நீங்கள் செய்யக்கூடியது, நாளைக்குப் பிரசவம் என்றால் ரத்த வசதி உள்ள மருத்துவமனையில் பார்ப்பதுதான்.

சித்தப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ 40 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் அது 160 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோனுக்குச் சமம். முகம் ஊதுவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் அந்த மாதிரி அளவை நாள்கணக்கில் எடுப்பவர்களுக்கு. உங்கள் அம்மா எடுப்பது 15 மி.கி. அட்ரினல் தினமும் தானாகச் சுரக்க வேண்டியதை ஈடுகட்டும் அளவுதான் அது. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ அப்படி. சிறுநீரகத்தை இது கெடுக்காது. நிறுத்தினால்தான் உயிருக்கு ஆபத்து. அடுத்தமுறை போகும்போது சித்தப்பாவையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சோடியம் ஏன் விழுந்தது என்று கேட்டிருந்தீர்கள். உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் பிட்யூட்டரியை நம்பி இல்லை, சிறுநீரகம் சுரக்கும் ரெனின் அதைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் அம்மாவின் உடலில் உப்பு பெரிதாக வெளியே போகவில்லை. கார்ட்டிசால் இல்லாதபோது தண்ணீரைத் தேக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். தண்ணீர் தேங்கி உப்பு நீர்த்துவிட்டது. கார்ட்டிசால் உள்ளே போனதும் தேங்கியது சிறுநீராக இறங்கி சோடியம் தானாக ஏறியிருக்கும். வெறும் சலைனில் நிற்காததற்குக் காரணம் இதுதான். மாத்திரை ஆரம்பித்த பிறகு சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போய், அடங்காத தாகமும் இருந்தால் உடனே சொல்லுங்கள். பிட்யூட்டரியின் பின்பகுதியும் கொஞ்சம் பழுதாகியிருந்தால் அப்போதுதான் வெளியே தெரியும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் அன்றைய ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மடங்காக்க வேண்டும். 102க்கு மேல் மூன்று மடங்கு. காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும். அதுவும் வெளியே வந்தால் 100 மி.கி. ஊசி போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பல் பிடுங்கினாலும் அறுவைசிகிச்சை என்றாலும் முன்பே சொல்லிவிடுங்கள். தைராய்டு மாத்திரையைக் காய்ச்சலுக்காகக் கூட்டக் கூடாது, அது எப்போதும் ஒரே அளவு. இந்த அளவுகளை உங்கள் டாக்டரிடம் காட்டி, அவர் கையால் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 46 வயது என்பதால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இத்தனை வருடம் அது இல்லாமல் இருந்திருக்கிறார். எலும்பின் அடர்த்தியையும் பார்த்துவிடுவது நல்லது.

பாதயாத்திரையைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் இருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. தைராய்டு அளவு சரியாகவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். என் நோயாளியாக இருந்தால் இந்த வருடம் அனுப்பமாட்டேன்.


முல்லையாறு எழுதியது:

அம்மாவிடம் வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்லாதீர்கள் தம்பி. இரண்டு வருடமாக நடக்க முடியவில்லையே என்று உள்ளுக்குள் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார். இந்த வருடம் பஸ்ஸில் கூட்டிப்போய், படியேறாமல் விஞ்சில் மேலே போய்த் தரிசனம் செய்ய வையுங்கள். அடுத்த வருடம் டாக்டர் சரி என்றால் நடக்கட்டும். நான் வருடா வருடம் வீரபாண்டித் திருவிழாவுக்கு நடந்துதான் போகிறேன். அன்றைக்குக் கூடுதலாக எவ்வளவு மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வேன், உப்புப் போட்ட மோரும் கையில் இருக்கும்.

சஷ்டி விரதத்தில் ஒரு வேளையாவது சாப்பிட வையுங்கள். நமக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பச்சைத் தண்ணீர்கூடப் படாத விரதம் வேண்டவே வேண்டாம். மாத்திரை உணவு இல்லை, அதைப் போட்டால் விரதம் கெடாது என்று எங்கள் கோயில் பூசாரியிடமே கேட்டுவிட்டேன். அம்மா மறுத்தால் உங்கள் ஊர்ப் பூசாரியை விட்டே சொல்லச் சொல்லுங்கள். நாம் சொல்வதைவிட அது எடுபடும்.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுங்கள். அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. ஹைட்ரோகார்ட்டிசோனைக் கண் விழித்ததும் போட்டுவிடலாம், எனக்கு அதைப் போட்ட பிறகுதான் கட்டிலை விட்டு இறங்கவே தெம்பு வரும். மதிய மாத்திரையைச் சாயங்காலம் வரை தள்ளாதீர்கள், ராத்திரி தூக்கம் வராது. எங்கள் பக்கத்துச் சின்ன மருந்துக்கடைகளில் ஹைட்ரோகார்ட்டிசோன் பல நேரம் இருக்காது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். ஒரு மாத மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி மருந்தும் கலக்கும் தண்ணீரும் சிரிஞ்சும் ஒரு டப்பாவில் வீட்டில் வையுங்கள். நீங்களும் தங்கையும் போடக் கற்றுக்கொள்ளுங்கள். நர்ஸிடம் கேட்டால் தொடையில் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பார். காலாவதித் தேதியை அவ்வப்போது பாருங்கள்.

கடைசியாக, ஓர் அட்டை. நான் பர்ஸில் வைத்திருப்பதை அப்படியே தருகிறேன், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி லேமினேட் செய்து, ஒன்று அம்மாவின் சுருக்குப்பையில், ஒன்று உங்கள் செல்போன் கவரில்:

"எனக்கு பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யவில்லை (ஷீஹன் சிண்ட்ரோம்). தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன், தைராக்ஸின் எடுக்கிறேன். நான் மயங்கிக் கிடந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, விபத்தில் அடிபட்டிருந்தாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி போடவும். சலைனும் குளுக்கோஸும் ஏற்றவும். ஸ்டீராய்டை நிறுத்த வேண்டாம்."

கீழே டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். முத்திரை இருந்தால்தான் ராத்திரி டியூட்டியில் இருப்பவர்கள் உடனே ஊசி எடுக்கிறார்கள்.